ஒரு நாற்காலி, மூன்று வாக்குமூலம்

உம்மணா காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். இரண்டு டம்ளர்களில் டீ ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். இன்னொன்றை ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொட்டியில் ஊற்றினான். இரண்டையும் கழுவிக் கவிழ்த்தான். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். சட்டை போட்டான். திரும்பி வந்து அடுப்பை மறுபடி பார்த்தான். கதவைப் பூட்டினான்.

மனைவி போன பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதற்கு உறவுக்காரர்களிடம் பல பதிப்புகள் இருந்தன. 'அவரைப் பத்திரமாப் பாத்துக்குங்க' என்றாளாம். இது பெரியம்மா பதிப்பு. கடவுள் பெயரைச் சொன்னாளாம். இது மாமனார் பதிப்பு. ஆம்புலன்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் உம்மணா. அவள் கேட்டது, "அடுப்ப அணைச்சீங்களா?" அவ்வளவுதான். அவன் யாரையும் திருத்தப் போகவில்லை.

உம்மணா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் தொழில் வட்டாரம் வைத்தது. துப்பறியும் தொழிலுக்கு அந்த முகம் வசதி. பொய் சொல்ல வருகிறவர்கள் எதிரே இருக்கும் முகத்தில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்து, ஒன்றும் நடக்காமல் மிரண்டு, மிச்சத்தைத் தாங்களே கொட்டிவிடுவார்கள்.

ஆபீசில் மச்சான் வந்து உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. அக்காவின் காரியம் முடிந்த வாரத்தில் ஒருநாள் சும்மா பார்க்க வந்தவன், அப்படியே உதவியாளனாகிவிட்டான். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் கவ்விக்கொண்டு போய்விடும் ரகம். உலகத்தில் அவன் கிண்டல் செய்யாத பொருள் ஒன்றே ஒன்று: அந்த இரண்டாவது டம்ளர்.

"அத்தான், உள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. குற்றவாளிய பிடிக்கணுமாம். குற்றவாளி யாருன்னு கேட்டேன். அவங்களேதானாம். நம்ம தொழில் இவ்வளவு சுலபமாயிடுச்சு."

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, மூக்குக்கண்ணாடி. நகக்கண்களில் பிளாஸ்டர் மாவு. அடுத்த தெருவில் பல்செட் செய்யும் பட்டறை. அவளும் அக்காவும் சேர்ந்து நடத்துகிறார்கள். இவள் உள்ளே பல் செய்வாள். அக்கா முன்னால் நின்று வருகிறவர்களைக் கவனிப்பாள். செய்த பற்களை அக்காவின் புருஷன் பல் டாக்டர்களிடம் கொண்டு போய்க் கொடுப்பார். தெருவில் இவளுக்குப் பல்காரி என்று பெயர்.

பல்காரி சொன்ன கதை இது. நேற்று மத்தியானம் அவள் பின்னறையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள். அடுத்து நினைவு வந்தபோது மேஜைக்கு அடியில் முடங்கிக் கிடந்தாள். முன்னறைக்கு வந்து பார்த்தால், கொடுப்பதற்குத் தயாராக இருந்த பல்செட்டுகள் அத்தனையும் நொறுங்கிக் கிடந்தன. சுவரில் சிவப்பு மெழுகால் எழுதியிருந்தது: 'நான்தான் செய்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.'

"எனக்குள்ள இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க சார். டாக்டரம்மாகிட்ட ரொம்ப நாளா காட்டிட்டு வர்றேன். அவங்க வர்ற நேரம் எனக்கு ஞாபகத்துல இருக்காது. அதனால நான் செய்யலன்னு என்னால சொல்ல முடியல."

அக்கா ஏற்பாடு செய்துவிட்டாள். ஊருக்கு வெளியே ஒரு காப்பகம், உள்ளே போனால் வெளியே வருவது அவர்கள் இஷ்டம். மத்தியானம் வண்டி வருகிறது. இவளே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சம்மதித்துவிட்டாள். போவதற்கு முன் ஒன்று மட்டும் வேண்டும். செய்தது தான்தான் என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். சந்தேகத்தோடு உள்ளே போனால் அங்கே தூக்கம் வராதாம்.

உம்மணா "உம்" என்றான். அவன் அகராதியில் அது, வழக்கை எடுத்துக்கொண்டேன் என்று பொருள்படும்.

போகிற வழியில் பல்காரியே டாக்டரம்மாவைப் போனில் பிடித்து, எல்லாம் சொல்லலாம் என்று அனுமதியும் தந்து, உம்மணாவிடம் கொடுத்தாள். டாக்டரம்மா வேறு ஊரில் இருந்தார். காப்பகச் செய்தியைக் கேட்டு அங்கிருந்தே கோபப்பட்டார். பிறகு விளக்கினார். சின்ன வயதில், ஒரு குழந்தையால் தாங்கவே முடியாதது திரும்பத் திரும்ப நடந்தால், மனம் அதை ஆள் ஆளாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஒருத்தி எதுவும் தெரியாமல் பள்ளிக்கூடம் போவாள். ஒருத்தி காவல் நிற்பாள். ஒருத்தி அழுகையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வாள். வளர்ந்த பிறகும் அந்த வேலைப் பங்கீடு அப்படியே நிற்கிறது. ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருத்திக்குத் தெரியாது.

"கூட்டுக் குடும்பம்னு சொல்லுங்க" என்றான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மச்சான். கத்தியோடு திரிகிற ஆள் உள்ளே யாராவது உண்டா என்றும், தான் பார்த்த சினிமாக்களை முன்வைத்து விசாரித்தான். இப்படிப்பட்டவர்கள் பிறரைக் காயப்படுத்துவதைவிடப் பிறரால் காயப்பட்டதுதான் அதிகம், அதனால்தான் இப்படி ஆனார்கள், சினிமாக்காரர்கள் என்னிடம் கேட்டு எடுப்பதில்லை என்றார் டாக்டரம்மா. கடைசியாக ஒன்று சொன்னார். சின்னவள், குட்டி என்று பெயர், இத்தனை வருஷம் வாயே திறக்காதவள், போன மாதம் பேச ஆரம்பித்திருக்கிறாள். இந்த நேரத்தில் காப்பகத்தில் தள்ளினால் எல்லாம் பாழ்.

குட்டி பேசுவது யாருக்கெல்லாம் தெரியும் என்று உம்மணா கேட்டான். வீட்டார் இருவருக்கும் தாமே சந்தோஷமாகச் சொன்னதாக டாக்டரம்மா பதில் சொன்னார்.

பட்டறையின் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் பற்கள். மேல்வரிசை ஒரு பக்கம், கீழ்வரிசை ஒரு பக்கம். "ஊரே சேர்ந்து நம்மளப் பாத்து இளிக்குது அத்தான்" என்றான் மச்சான். சுவர் எழுத்தைப் பார்த்து, இடைவேளைக்கு முந்தின காட்சி மாதிரி இருக்கிறது, இசை மட்டும்தான் பாக்கி என்றான்.

இசை என்ற அந்தச் சொல்லை உம்மணா பிடித்துக்கொண்டான். அக்கா நிற்கும் மேஜைக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. மேலெல்லாம் பிளாஸ்டர் தூசி. சத்தம் கூட்டுகிற திருகு மட்டும் பளிச்சென்று இருந்தது. காதில் மாட்டும் ஒயர் அதில் இல்லை. குனிந்து பற்களை ஒதுக்கிப் பார்த்தான். ஒயர் தரையில், உடைசல்களுக்கு அடியில் கிடந்தது.

ரேடியோ அக்காவின் புருஷனுடையது என்றாள் பல்காரி. காதில் மாட்டி மேட்ச் கேட்பார். வெளியே சத்தம் வைக்க மாட்டார். ரேடியோச் சத்தம் கேட்டால் இவளுக்குத் தலை வலிக்கும். ஏன் என்று இவளுக்குத் தெரியாது.

பக்கத்துக் கடை சவரக்கடை. கடைக்காரர் நேற்றைய சங்கதியைச் சொல்லக் காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். இந்தப் பட்டறையிலிருந்து இத்தனை வருஷத்தில் தும்மல் சத்தம்கூட வந்ததில்லை. நேற்று மத்தியானம் திடீரென்று ரேடியோ, தெருவே அதிரும்படி. அவர் அப்போது ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கை துள்ளிவிட்டது. பாதி மீசை போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு மனிதன் எப்படித் தெருவில் நடப்பது, அதையும் எடுத்துவிட்டார். ஆள் இடிந்துபோய், ரேடியோ ஓயும்வரை முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே கிடந்தாராம். யார் அந்த அப்பாவி என்று கேட்டான் மச்சான்.

"அதச் சொல்ல மாட்டேன் தம்பி. மீசைய எடுத்ததுமில்லாம மானத்தையும் எடுக்கச் சொல்றியா?"

வெளியே வந்ததும் மச்சான் தீர்ப்பே சொல்லிவிட்டான். ரேடியோ அக்கா புருஷனுடையது. ஆகவே உடைத்தவர் அக்கா புருஷன். பல்காரியை அனுப்பிவிட்டுப் பட்டறையை அமுக்கப் பார்க்கிறார். கொழுந்தியாள் இருக்கிற வீட்டில் எல்லா மாப்பிள்ளைகளும் இப்படித்தான், உங்களைத் தவிர என்றான்.

"ஒயர் உடைசலுக்கு அடியில கெடந்துச்சு" என்றான் உம்மணா.

அவன் ஒரே மூச்சில் பேசும் அதிகபட்ச நீளம் அது. மீதியை மச்சான் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரப்பினான். ஒயர் அடியில் என்றால், ரேடியோ முதலில், உடைத்தது பிறகு. கண் மண் தெரியாத வெறி வந்து உடைக்கிறவள், அக்கம்பக்கத்துக்கு உடைக்கிற சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று ஒயரைப் பிடுங்கி, திருகைத் திருகி, அப்புறமா வெறி கொள்வாள்?

"ரொம்ப ஒழுக்கமான பைத்தியம்" என்றான் மச்சான். பிறகு, பின்னால் வந்த பல்காரி கேட்டிருப்பாளோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கேட்டிருந்தாள்.

"பரவாயில்ல. எங்க வீட்ல இதவிட மோசமா சொல்வாங்க" என்றாள்.

பின்னறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்தாள். இவர்கள் பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். ரேடியோவைப் பற்றி மற்ற இருவரிடமும் கேட்க வேண்டும், அவர்களுக்குச் சம்மதமா என்றான் உம்மணா. பல்காரி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அவர்களைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது, அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மச்சான் இடி மின்னலை எதிர்பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டாள். அவ்வளவுதான் மாற்றம்.

"என்னய்யா, பேய் பாக்க வந்தீங்களா?" என்றாள்.

இவள்தான் காவல் நிற்பவள். வாசல்காரி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டில் வைத்த பெயர் கெட்டவள். அவள் செய்த பெரிய கெடுதல், பல்செட் சரியில்லை என்று வீணாகச் சண்டை போட்ட ஒருவரைப் படி இறங்க வைத்ததுதான்.

"உடைக்கிறதா இருந்தா மாமா மண்டைய உடைச்சிருப்பேன். பல்ல ஏன் உடைக்கிறேன்? அது எங்க சோறு."

ரேடியோ என்றதும் தோள் இறங்கியது. "அது கேட்டா நான் நிக்க மாட்டேன். ஓடிருவேன். யாரு வந்தாலும் எதுத்து நிப்பேன், அதுக்கு மட்டும் முடியல. பாவம் அந்தச் சின்னதுதான் மாட்டிக்கும்." அதைச் சொன்னதில் அவளுக்கு அவமானம். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மச்சான் வாங்கி வந்த பிளாஸ்கிலிருந்து உம்மணா டீ ஊற்றினான். கைப்பழக்கம், இரண்டு டம்ளர்களில் ஊற்றி, ஒன்றைத் தனக்கு எதிரே வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தான். மச்சான் வேறு பக்கம் பார்த்தான். நாற்காலியில் இருந்தவள் கால்களை மேலே தூக்கி மடக்கிக்கொண்டிருந்தாள். அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருக்கு?"

குரல் சின்னதாக இருந்தது.

"வராதவங்களுக்கு."

"ஆறிடுமே."

"ஆறிடும்."

"நான் குடிக்கட்டா?"

எடுத்துக் கொடுத்தான். ஊதி ஊதி, இரண்டு கையாலும் பிடித்து, அடி மண்டிவரை குடித்தாள். அந்த டம்ளர் காலியானதை மச்சான் பார்த்தான். மூக்கைச் சிந்திக்கொண்டு, பிளாஸ்டர் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னான்.

நேற்று ரேடியோ வைத்தது யார் என்று உம்மணா மெதுவாகக் கேட்டான். குட்டி தெரியாது என்று தலையாட்டினாள். பார்க்கவில்லை. ரேடியோ கேட்டால் மேஜைக்கு அடியில் போய்க் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சித்தப்பா வீட்டிலிருந்தே அதுதான் வழக்கம். அம்மா அப்பா இல்லாமல் அக்காவும் இவளும் அங்கேதான் வளர்ந்தார்கள். அப்போது யார் வைப்பார்கள் என்று கேட்டான்.

குட்டி காலி டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"சொன்னா ரேடியோ வைப்பாங்க" என்றாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். காப்பகத்திலிருந்து வந்த ஆள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலடியில் கிடந்த பற்களைப் பார்த்து அரை அடி தள்ளி நின்றார். அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து தன் வழக்கமான இடத்தில், மேஜைக்குப் பின்னால் நின்றாள். தங்கையின் உடுப்புகளை ஒரு பையில் அழகாக மடித்து வைத்திருந்தாள். அக்காவின் புருஷன் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு வந்தார். பல்வலியாம்.

"பல்லு செய்யிற வீட்லயே பல்வலியா?" என்றான் மச்சான். பிறகு தன் கட்சியை எடுத்து விளாசினான். ரேடியோ யாருடையது, ஒயரைப் பிடுங்கியது யார், நேற்று மத்தியானம் இந்த மனிதர் எங்கே போயிருந்தார்? பல் கொடுக்கப் போயிருந்தேன் என்று துண்டுக்குள்ளிருந்து முனகினார் அவர். எந்தப் பல்லை? எல்லாப் பல்லும்தான் இங்கே உடைந்து கிடக்கிறதே என்றான் மச்சான். ஆள் துண்டை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். மச்சான் வெற்றிப் பார்வையோடு உம்மணாவைத் திரும்பிப் பார்த்தான்.

உம்மணா எழுந்து போய், அவர் வாயிலிருந்த துண்டை மெல்ல எடுத்தான்.

மேலுதடு, வெயிலே படாத பிள்ளையின் முதுகு மாதிரி வெளுத்திருந்தது.

மீசை இல்லாமல் பெண்டாட்டி முன்னால் நின்ற அந்த மனிதரைப் பார்க்க மச்சானுக்கே மனசு கேட்கவில்லை. அவர் கொலையே செய்திருந்தாலும் இவ்வளவு கூனியிருக்க மாட்டார். ரேடியோ அலறத் தொடங்கியது முதல் ஓய்ந்தது வரை சவரக்கடை நாற்காலியில் கிடந்தவர் அவர்தான். இதைவிட நல்ல சாட்சியம் யாரும் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு திரிந்ததில்லை.

"அப்ப பாருங்க" என்றாள் அக்கா. குரல் தணிந்திருந்தது. "அவர் இல்ல. வேற யாரு இருக்கா? அந்தக் கெட்டவதான். இவ மேல எனக்குக் கோபம் இல்ல சார். பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

சுவரில் எழுதியிருந்த அதே வாக்கியம். மச்சான் சுவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

பல்காரி ஓரமாக நின்றிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கையில் பேனாவைக் கொடுத்திருந்தார்கள்.

உம்மணா அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரவில்லை. சித்தப்பா வீட்டில் இவளுக்கு என்ன வயதிருக்கும், பத்து இருக்குமா என்று நினைத்தான். பத்து வயதுப் பிள்ளையால் சாத்திய கதவை உடைக்க முடியாது. ரேடியோவின் திருகைத் திருக முடியும்.

குட்டி பேச ஆரம்பித்திருப்பது உங்களுக்குத் தெரியும் இல்லையா என்று கேட்டான். தெரியும் என்றாள் அக்கா. பிதற்றல் என்றாள். அவள் வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள், எத்தனை வருஷம் ஒருத்தி அந்தப் பார்வையைத் தாங்குவது என்றாள். அப்படிச் சொன்னது தனக்கே வியப்பாக இருந்ததுபோல நிறுத்திக்கொண்டாள்.

"இன்னைக்கு எங்ககிட்டயும் பேசுனா" என்றான் உம்மணா. "சித்தப்பா வீட்ல, கதவு சாத்துனதுக்கு அப்புறம்—"

அவன் மேலே சொல்ல முடியவில்லை. ரேடியோ அலறியது.

யாரும் அதன் அருகே போகவில்லை. அக்கா மட்டும் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுடைய வலது கை அலமாரியில், திருகின்மேல் இருந்தது. அந்தக் கை எப்போது அங்கே போனது என்று கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது. தன் கையை அவள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஏதோ பொருள் விற்கிற பாட்டு ஒன்று உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் யாரோ "ஐயோ, கத்தி" என்றார்கள். காப்பகத்து ஆள் பேனா மூடியைத் தேடினார்.

உம்மணா பல்காரியைப் பார்த்தான். அவள் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தான். மேஜைக்கு அடியில் இடம் இருந்தது. அவள் கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போனதும் உண்மை. முழங்கால் மடங்கியது. பிறகு நிமிர்ந்தது. கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி போட்டுக்கொண்டாள். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, உடைந்த பற்களை மிதித்துக்கொண்டு அக்காவின் அருகே போய் நின்றாள். அவள் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

அவள் அப்போது சொன்னதைப் பற்றிப் பின்னால் பல பதிப்புகள் உலவின. அக்காவைச் சபித்தாள் என்பது சவரக்கடைப் பதிப்பு. மன்னித்துவிட்டேன் என்றாள் என்று அக்காவின் புருஷன் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்று குரலில் பேசினாள், உடம்பு சிலிர்த்துவிட்டது என்று காப்பகத்து ஆள் போகிற இடமெல்லாம் சொன்னார். உம்மணா இரண்டடி தூரத்தில் நின்றிருந்தான். ஒரே குரல்தான். ரேடியோவுக்கு மேலே கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னாள்.

"அத அணைச்சிடுக்கா. இப்ப நாங்க யாரும் அழல."